நாற்பத்தோராம் பக்கம்

— முதல்ல யாரு வாயத் திறந்தாங்கன்னு சரியா ஞாபகம் இல்ல, அண்ணி. தலைவரா... அந்தக் கண்ணாடிக்காரரா...

— அத விடு. கமிட்டி என்ன முடிவு பண்ணுச்சு?

— முதல்ல உக்காருங்க.

— உக்காரச் சொல்றப்பவே தெரியுதே. சொல்லு.

— உங்க சாலிட்டான், அந்தக் கலையாத ஒளித்துடிப்பு, வேண்டாமாம். புதுக் கடல் கேபிளுக்குப் பழைய முறையே போதுமாம்.

— ம்... அப்ப ஜெயிச்சது உன் குழுதானே? மூஞ்சிய ஏன் தொங்கப் போட்டிருக்கே?

— உங்க பன்னெண்டு வருஷம், அண்ணி! இதே அறையில, இந்தக் கண்ணாடி இழைச் சுருளுக்குள்ள ஒளியச் சுத்தவிட்டு, சுத்தவிட்டு... எங்க ஒளித்துடிப்பு போகப் போகப் பரந்து கரையும். உங்களோடது ஒன்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியும் கிளம்பின மேனிக்கே வந்து நின்னுச்சு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

— அன்னைக்குத்தான் டீயக் கொட்டி என் நோட்டப் பாழாக்கினே.

— சிரிக்காதீங்க.

— என்ன காரணம் சொன்னாங்க?

— நேரம் தவறுதாம்.

— தவறத்தானே செய்யுது? வழியில ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையரும் தெம்போட இரைச்சலையும் சேர்த்துக் குடுக்குது. துடிப்பு உடையாது... ஆனா முந்தியோ பிந்தியோ வந்து, பக்கத்துத் துடிப்போட இடத்துல நிக்கும். அனுப்பினது ஒண்ணு, படிக்கிறது ஒண்ணு. என் அறிக்கையில நாப்பத்தோராம் பக்கத்துல எழுதியிருந்தேனே.

— டீ போடட்டுமா, அண்ணி?

— பேச்ச மாத்தாதே. அறிக்கையக் கொண்டுபோய்க் குடுத்தது நீதானே?

— அந்தப் பக்கம்... அதுல இல்ல, அண்ணி.

— இல்லையா?

— நான்தான் உருவிட்டேன். அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. இவ்வளவு அழகான விஷயம், ஒரு பக்கத்தால தோக்கக் கூடாதுன்னு... ஆனா காலையில யாரோ அதே பக்கத்தத் தலைவர் மேசையில வெச்சிருக்காங்க. யாருன்னு மட்டும் தெரியட்டும்...

— தெரிஞ்சா?

— சும்மா விடமாட்டேன்!

— இனிமே உன் இழுப்பறையப் பூட்டி வை. ஸ்டேப்ளர் தேடினேன், பக்கம் கிடைச்சுது. நான்தான் வெச்சேன்.

— அண்ணி! நீங்களேவா?

— கடலுக்கு அடியில போட்ட பிறகு யாரு போய்த் திருத்துறது? சுருள் அலமாரிக்குப் போகுது, உங்க முறை கடலுக்குப் போகுது, நாளையிலேர்ந்து நானும் உங்க குழு. அலமாரிச் சாவி மட்டும்... என்கிட்டயே இருக்கட்டும், தம்பி.