அம்மன் முகத்தைத் தூக்கிக்கிட்டு ஓடினவ

கிட்ட வந்து உக்காருங்க மக்களே. தூரத்துல இருந்தா இந்தக் கதையில உள்ள மூச்சிரைப்பு காதுல விழாது.

பண்டு, மகாராசா காலத்துல, ஆத்தங்கரையில கடம்பவிளைன்னு ஒரு ஊரு. அந்த வழியா அஞ்சல் ஓட்டக்காரன் சடையன் தபால் கொண்டு ஓடுவானாம். தோள்ல தோல்பை, கையில மணி கட்டுன கம்பு. ஓட்டக்காரன் எங்கயும் நிக்கப்படாது. கஞ்சி குடிக்கக்கூட நிக்கப்படாது. அதனால அவன் பெஞ்சாதி உலகம்மை கஞ்சிக் கலயத்தோட தினமும் ரெண்டு மைல் கூடவே ஓடுவாளாம். அவன் ஓடிக்கிட்டே குடிப்பான், இவ ஓடிக்கிட்டே ஊத்துவா. பதினோரு வருசம். பாத்தவங்க சிரிச்சாங்க. இவளும் ஓடுறாளேன்னு ஒருத்தரும் நெனைக்கல.

ஒரு ஐப்பசி. மலையில ஏழு நாள் மழை. உலகம்மை கலயத்தோட காத்து நிக்கா. மணிச்சத்தம் வருது, ஆனா தாறுமாறா வருது. பாத்தா, சடையன் கால் முறிஞ்சு தவழ்ந்து வாறான்.

"பிள்ளே, மலையில உள்ள மேலக்குளம் கரை விரிசல் விட்டுப் போச்சு. மத்தியானத்துக்குள்ள உடைஞ்சிரும். பையில இருக்கது பட்டணத்துக்குத் தோணி கேட்டு எழுதுன கடுதாசி. போற வழியில கடம்பவிளையில சொல்லணும். இங்க இருந்து அங்க ஆறு மைல்."

"உங்களை இப்படிப் போட்டுட்டா?"

"நான் மேட்டுலதான கெடக்கேன். நீ ஓடு."

கலயத்தைக் கீழ வச்சா. பையை மாட்டுனா, மணிக் கம்பை எடுத்தா. ஓடுனா ஓடுனா, சேறு முழங்கால் வரைக்கும் அப்பிக்கிட ஓடுனா.

கடம்பவிளையில அன்னைக்கு இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழா. பச்சைப்பிள்ளை முதல் படுகிழம் வரை எல்லாரும் கோயில் முத்தத்துல. "தண்ணி வருது, மேட்டுக்கு ஏறுங்க"ன்னா. மேளம் நின்னுது. எல்லாருக்கும் திகைப்பு. தண்ணியை நெனைச்சு இல்ல மக்களே. பொம்பிளை கையில அரசாங்கக் கம்பு.

கோயில் பெரியவர் மாடப்பன் கேட்டாராம், "ஓட்டக்காரன் எங்கட்டீ?"

"கால் ஒடிஞ்சு கெடக்காரு மாமா. பையில கடுதாசி இருக்கு."

"முத்திரையைப் பிரிச்சா மகாராசா என் கையை வெட்டுவாரு. கொடையை நிறுத்துனா அம்மன் என் கண்ணைப் பிடுங்குவா. ரெண்டுக்கும் உன் பேச்சா சாட்சி?"

பின்னால ஒருத்தன், "கஞ்சி மிச்சம் இருக்கா மதினி?"ன்னான். ஊரே சிரிச்சுது.

உலகம்மை ஆத்தைப் பாத்தா. செக்கச் செவேல்னு நுரைச்சு வருது. கருவறைக்குள்ள பாஞ்சா. அம்மனுக்குச் சாத்தியிருந்த வெள்ளி முகத்தை உருவுனா. மலையைப் பாத்து ஓடுனா.

ஊருக்கு மூச்சே நின்னு போச்சாம். அப்புறம் கெளம்புச்சு பாருங்க. "பிடிங்கலே அந்த மூதியை." மாடப்பன் ஓடுறாரு, மேளக்காரன் மேளத்தோட ஓடுறான், பிள்ளையை இடுப்புல வச்சவ ஓடுறா, கம்பு ஊன்றுன கிழவி மண்ணை வாரித் தூத்திக்கிட்டே ஓடுறா. உலகம்மை முழு வேகத்துல ஓடல. கிழவி பின்தங்குனா நிப்பா. வெள்ளி முகத்தைத் தூக்கிக் காட்டி, "வேணுமா ஆத்தா? வா"ம்பா. கிழவிக்கு ஆங்காரம் வந்து நாலு எட்டு கூட வைப்பா.

பாறை உச்சியில மாடப்பன் அவ முடியைப் பிடிச்சாரு. அடிக்கக் கை ஓங்குனாரு. அப்பத்தான் கீழ அந்தச் சத்தம். திரும்பிப் பாத்தா கோயில் இல்ல. ஊரு இல்ல. தென்னை மண்டை மட்டும் தண்ணிக்கு மேல ஆடுது. ஓங்குன கை ஓங்குனபடியே நின்னுதாம்.

இன்னைக்கும் அம்மன் அந்த உச்சியிலதான். ஓட்டக்காரி பாறைன்னு பேரு. கொடைக்குக் கொடை ஊரு மருமக ஒருத்தி வெள்ளி முகத்தைத் தூக்கிக்கிட்டு ஓடுவா, ஊரே ஏசிக்கிட்டுத் துரத்தும். அன்னைக்கு ஏசுன ஏச்சுக்கு யாரும் கோவிக்கப்படாது.

அந்த உலகம்மை என்ன செஞ்சாளாம்? மாடப்பன் கையில இருந்து தன் முடியை உருவிக்கிட்டா. அம்மன் முகத்தைப் பாறையில வச்சா. "எங்க வீட்டுக்காரரைத் தூக்கிட்டு வர நாலு பேரை அனுப்புங்க மாமா. கடுதாசி இன்னும் போய்ச் சேரல"ன்னா. பையை இறுக்கிக் கட்டுனா. மலைச்சரிவு வழியா பட்டணத்தைப் பாத்து ஓடுனா.