கழிவுநீர் நிலையத்துக் கெண்டைகள்

நல்ல மீனைச் செவுளைப் பார்த்தே சொல்லிவிடலாம். எங்கள் கழிவுநீர் நிலையத்தைச் சோதிக்க பாக்தாதிலிருந்து வந்த அதிகாரிகளில் ஒருவருக்கும் அது தெரியாது. நிலையத்தின் கடைசிக் குளத்தில் கெண்டைகள் துள்ளுவதைப் பார்ப்பார்கள். அவற்றில் இரண்டைப் பிடித்து, முதுகைப் பிளந்து, நெருப்போரம் நிறுத்திச் சுட்டுக் கொடுத்தால், விரலை நக்கிக்கொண்டே தண்ணீர் சுத்தம் என்று கையெழுத்துப் போடுவார்கள்.

"உஸ்தாத் கஹ்தான், டைகிரிஸ் ஆத்து மீனெல்லாம் இதுக்கிட்ட நிக்க முடியுமா" என்று ஒருவர் என்னைப் பார்த்து ஏப்பம் விட்டார். நல்ல மனிதர், மூன்றாவது மீனையும் அவரே முடித்தார்.

மீன்கள் பண்ணையிலிருந்து வாங்கியவை. குளத்தில் இருந்தது குழாய்த் தண்ணீர். இதை நான் மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை.

ஏன் செய்தேன் என்கிறீர்கள். கோடையில் எங்கள் நகரத்து மக்கள் மொட்டைமாடியில் படுப்பவர்கள். கழிவுநீருக்குக் காற்றடிக்கும் இயந்திரங்கள் ஓடினால் இரைச்சலும் நாற்றமும் அங்கேதான் போகும். "சாக்கடைய எங்க மூக்குக்குள்ளயே கிண்டுறியே, உனக்கு வேற வேலை இல்லையா" என்று வாசலில் வந்து நின்றார்கள். இயந்திரங்களை நிறுத்தினேன். வெள்ளத்துக்கென்று வைத்திருந்த பக்க மதகைத் திறந்து, எல்லாவற்றையும் அப்படியே ஆற்றில் விட்டேன். நகரம் நிம்மதியாகத் தூங்கியது. எனக்குப் பேரீச்சம்பழக் கூடைகள் வந்தன.

ஆற்றின் கீழே உம்முல் கஸப் என்று ஒரு கிராமம் இருக்கிறது. அதன் பெரியவர் ஹஜ்ஜி முத்லக் ஒருநாள் பாட்டிலில் ஆற்றுத் தண்ணீரோடு வந்தார்.

"நொரையா வருது உஸ்தாத். பொம்பளைங்க காய்ச்சாம குடிக்கக் கூடாதுங்கிறாங்க. கேஸ் வாங்கியே ஓஞ்சு போறோம். நீ படிச்சவன், நீ சொல்லு."

தேநீர் கொடுத்தேன். குளத்தைக் காட்டினேன். "எங்ககிட்டேருந்து போற தண்ணி இதுதான், ஹஜ்ஜி. மீனே பொழைக்குது, மனுசன் பொழைக்க மாட்டானா?"

சிரித்துவிட்டார். ஊருக்குப் போய், தண்ணீரைக் காய்ச்ச வேண்டாம் என்று அவரே வீடு வீடாகச் சொன்னாராம். அவர் வாய்ச்சொல்லுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு. நான் யாரையும் குடிக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

காலரா குழந்தைகளைத்தான் முதலில் எடுத்தது. ஹஜ்ஜியின் பேத்தியும் போனாள். அவர் மறுபடி வந்தார். குளத்தங்கரையில் உட்கார்ந்து ஒரு கை அள்ளிக் குடித்தார்.

"குளோரின் வாடை அடிக்குது" என்றார். "என் பேத்தி இந்தத் தண்ணியக் குடிக்கலையேப்பா."

அங்கிருந்து நேராகப் புகார் கொடுக்க உங்களிடம்தான் வந்தார். துக்கத்தில் இருப்பவரைக் குறை சொல்லக் கூடாது.

இப்போது என் தங்கையைப் பற்றிக் கேட்கிறீர்கள். உம்முல் கஸப்பில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டில் மட்டும் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாதது எப்படி என்கிறீர்கள். அதில் மர்மம் எதுவுமில்லை. மதகைத் திறந்த அன்றே அவளுக்குப் போன் செய்து, கடைத் தண்ணீர் தவிர எதையும் பிள்ளைகளுக்குக் கொடுக்காதே, அக்கம்பக்கத்தில் மூச்சு விடாதே என்று சொல்லிவிட்டேன். அண்ணனுக்கு அந்த அக்கறைகூட இருக்காதா?

மற்றபடி, ஆற்றுத் தண்ணீரால் ஆபத்து வரும் என்று எனக்குத் தெரியாது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.