ஆர்டித் நோல் தலையாட்டிய பொழுது

இந்த இனிய விழாவுக்குத் தலைமை ஏற்று, இத்தனை வெயிலிலும் கழுத்துப்பட்டையைத் தளர்த்தாமல் அமர்ந்திருக்கும் நகரத் தலைவர் மெர்ல் ஹான்ராட்டி அவர்களே! ஞாயிறுதோறும் நம் ஆன்மாக்களைக் காத்து, பிற்பகலில் நம்மை ஆட்டத்துக்கு விட்டுவிடும் இரு திருச்சபைகளின் போதகர்களே! நரைத்த தலைகளில் நல்ல நினைவுகளைச் சுமந்து வந்திருக்கும் பெரியோர்களே! விடியலிலேயே எழுந்து, சோளம் அவித்து, கெளுத்தி மீன் பொரித்து, இந்த மைதானத்தையே மணக்க வைத்திருக்கும் தாய்மார்களே! ஒரு காலத்தில் எங்களை எதிரிகளாகக்கூட மதிக்காமல் ஈக்களாக மதித்த, தானியக் கிடங்கு அணியின் தனிப்பெரும் வீரர்களே! உங்கள் அனைவருக்கும், பொத்தான் ஆலைப் பெண்கள் பேஸ்பால் அணியில் பந்து பிடித்த கேட்சர் யூனிஸ் டாக்கரின் பணிவான வணக்கம்.

முன்வரிசையில், வைக்கோல் தொப்பியை மூக்கு வரைக்கும் இறக்கி, "இங்கே யாரும் என்னைப் பார்க்க வேண்டாம்" என்பதுபோல் அமர்ந்திருக்கிறாளே, அவளுக்கு நான் வணக்கம் சொல்லவில்லை. சொன்னால் சண்டைக்கு வருவாள். ஆனால் இன்று இந்த விழா அவளுக்காக. இந்த மைதானம் இன்றுமுதல் சூடப்போகும் பெயர் அவளுடையது. ஆர்டித் நோல்!

(கைதட்டல்)

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். தொப்பி இன்னும் கீழே இறங்குவதைப் பார்க்க எனக்கு ஆசை.

அவையோரே! பந்தை எறிவது என்பது என்ன? கையின் வேலையா? தோளின் திமிரா? அப்படித்தான் அன்று இந்த வெர்டன் ஊரே எண்ணியிருந்தது. வேகமாக எறிபவரே வீரர், ஓங்கி அடிப்பவரே தலைவர் என்று ஊரே ஓதிக்கொண்டிருந்தது. அந்த எண்ணத்தை ஒரே ஒரு பிற்பகலில், ஒரே ஒரு தோள்வலியோடு, ஒருத்தி உடைத்தெறிந்தாள். அதைச் சொல்லத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

இளையவர்களே, இப்போது நீங்கள் சப்பணமிட்டு அமர்ந்திருக்கும் இந்தப் புல்லை அன்று நாங்கள் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறோம். ஊருக்கு இருந்தது ஒரே மைதானம். ஜூலை நான்காம் நாள் விழாவில் நடக்கும் ஆட்டத்தில் எவர் வெல்கிறாரோ, அவருக்கே ஓராண்டு முழுவதும் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் மைதானம் சொந்தம். வாரமெல்லாம் உழைப்பவர்களுக்கு வேறு எந்தப் பிற்பகல் உண்டு? அந்த ஞாயிறு ஆண்டாண்டாகத் தானியக் கிடங்கின் கையில் இருந்தது.

நாங்கள் எங்கே ஆடினோம் தெரியுமா? ஆலையின் பின்புறம். மிசிசிப்பியிலிருந்து அள்ளிவந்த சிப்பிகளில் பொத்தான்களை வெட்டி எடுத்தபின், வட்ட வட்ட ஓட்டைகளோடு எஞ்சிய ஓடுகளைக் கொட்டி நிரப்பிய நிலத்தில். விழுந்தால் முழங்கால் கிழியும், எழுந்தால் உள்ளங்கை கிழியும். கூந்தலில் சிப்பித்தூள், குதிகாலில் சிப்பிக்கூர், கனவில் மட்டும் பச்சைப்புல்! அதோ, மூன்றாம் வரிசையில் எங்கள் அணியின் பெர்னீஸ் முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். வலி போய்விட்டது பெர்னீஸ், வடு இருக்கிறதல்லவா?

அந்த ஆண்டு துணிந்து எங்கள் பெயரைக் கொடுத்தோம். ஊர் சிரித்தது. தானியக் கிடங்கின் தலைசிறந்த மட்டைக்காரர் கிளீட் ரூலண்ட் அவர்கள் என்ன சொன்னார்? நினைவிருக்கிறதா கிளீட்? நினைவில்லையாம். எனக்கு இருக்கிறது.

"வாங்கம்மா, வாங்க. தோத்தீங்கன்னா அடுத்த வருஷம் பேரு குடுக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் ஆர்டித். என்னைக் கேட்கவில்லை, எவரையும் கேட்கவில்லை. எங்கள் நிகழ்காலத்தையும் எதிர்காலத்தையும் ஒற்றைச் சொல்லில் பந்தயத்தில் வைத்துவிட்டு, மிச்சமிருந்த எலுமிச்சைச் சாற்றைக் குடிக்கப் போய்விட்டாள்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அவள் கையில் மின்னல் இருந்தது. அவளுடைய வேகப்பந்து என் கையுறையில் விழும் ஓசை ஆலையின் மறுபக்கம் வரை கேட்கும். தானியக் கிடங்கார் வேலிக்கு வெளியே வந்து நின்று அதைப் பார்த்தார்கள், பார்த்துப் பயந்தார்கள், பயந்து பயிற்சி எடுத்தார்கள். கிளீட் தம்முடைய அண்ணனைப் பாதித் தூரத்தில் நிற்கவைத்து, வெறிகொண்டு எறியச் சொல்லி, மட்டையைச் சீக்கிரம் சுழற்றப் பழகினார். ஒரு வாரம் முழுக்கப் பழகினார். இந்தப் பயிற்சியை மறந்துவிடாதீர்கள் அவையோரே, கதை இதில்தான் திரும்பப் போகிறது.

விழாவுக்கு முந்தைய நாள், ஆலையில் சிப்பி மூட்டையைத் தூக்கியபோது ஆர்டித்தின் தோளில் ஏதோ இழுத்துக்கொண்டது. உணவு இடைவேளையில் என்னை இயந்திரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"யூனி, கை மேல வரமாட்டேங்குதுடி."

"வெளையாடாதடி."

"வெளையாடத்தான் முடியாதுங்கறேன். இங்க பாரு." கையை உயர்த்தினாள். அது தோள்வரை வந்து நின்றுவிட்டது. அவள் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"அய்யோ, அப்ப பேரைத் திருப்பி வாங்கிக்கலாம்."

"வாங்கினா தோத்த மாதிரிதான். அடுத்த வருஷம் கிடையாது. அதுக்கு அடுத்த வருஷமும் கிடையாது."

"பின்ன எதை வச்சு எறிவ?"

"பக்கவாட்டுல மெதுவா எறியலாம். பண்ணிப் பாத்துட்டேன். வேகம் போச்சு யூனி, குறி போகல. ஒருத்திகிட்டயும் சொல்லாத. நம்ம பொண்ணுங்க மூஞ்சியப் பாத்தாலே கிளீட்டுக்குத் தெரிஞ்சுபோயிரும்."

ஒரே ஒரு மெதுவான பந்து! அதுவும் குழந்தைக்கு உருட்டிவிடுவதுபோன்ற பந்து! அதை மட்டும் வைத்துக்கொண்டு, அறுவடை மூட்டைகளை அநாயாசமாகத் தூக்கி எறியும் ஆண்கள் முன்னால் நிற்பதா? எனக்கு அன்று மதிய உணவு இறங்கவில்லை. அவள் என்னுடையதையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

விழா நாள். வாத்திய இசை, வண்ணக்கொடி, ஆற்றங்காற்று. ஆட்டம் தொடங்கியது. ஆர்டித் என்ன செய்தாள்? ஆட்களை வாசித்தாள்! நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். பொது நூலகத்தில் ஓர் அலமாரி விடாமல் படித்தவள். ஆயினும் சொல்கிறேன், மட்டையோடு நிற்கும் மனிதனை அவள் வாசித்ததுபோல் நான் எந்தப் புத்தகத்தையும் வாசித்ததில்லை. முன்காலில் பாரம் வைப்பவனுக்கு முழங்கை ஓரமாகப் பந்து. அடிப்பவர் பக்கத்தில் தரையில் பதித்த தகட்டைவிட்டுத் தள்ளி நிற்பவனுக்கு எட்டாத ஓரத்தில் பந்து. அவசரக்காரனிடம் அவள் அவசரப்படவே இல்லை. காலணிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள், மீண்டும் அவிழ்த்தாள், மீண்டும் கட்டினாள்.

"அம்மா தாயே, பந்தப் போடு! மீன் ஆறுது!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

"ஆறினா சூடு பண்ணித் தர்றேன், உக்காருங்க!" என்றாள்.

அடுத்து, நம் நடுவர். அன்று நடுவராக நின்றவர் முடிதிருத்துநர் ஓட்டோ பிரைஸ், நேர்மையின் நெடுந்தூண். அந்தத் தூணையும் அவள் நகர்த்தினாள்! எப்படி? முதல் பந்து தகட்டின் விளிம்பில். ஓட்டோ "ஸ்ட்ரைக்" என்றார். தகட்டுக்கு மேலே வந்தும் அடிக்கப்படாத பந்து அது, மூன்று சேர்ந்தால் மட்டைக்காரர் வெளியே. அடுத்தது ஒரு விரலளவு வெளியே. நான் கையுறையை அசைக்காமல் பிடித்தேன். "ஸ்ட்ரைக்." பிறகு இன்னொரு விரல். சுற்றுக்குச் சுற்று, விரலுக்கு விரல், யாரும் அறியாமல் தகட்டையே அகலமாக்கிக்கொண்டு போனாள். அடிக்காமல் விட்டவர்கள் ஏமாந்தார்கள். அடிக்கப் போனவர்கள் எட்டாமல் ஏமாந்தார்கள். இது ஏமாற்றா? இல்லை! நினைத்த இடத்தில், நினைத்த விரலளவில், நூறு முறையும் பந்தை வைக்க முடிந்தவளுக்கு நடுவரின் கண் தானே தந்த பரிசு அது.

"யூனி, சுருக்கமா முடி. இனிப்புத் தட்டு மேல எறும்பு ஏறுது."

கேட்டீர்களா? முன்வரிசையிலிருந்து ஆணை வந்துவிட்டது. ஆர்டித், அன்று நீ காலணிக் கயிற்றைக் கட்டிய நேரத்துக்கு நான் இன்னும் ஒரு மணி நேரம் பேசலாம்.

கடைசிச் சுற்று. நாங்கள் ஒரே ஓர் ஓட்டம் முன்னே. அவர்களில் இருவர் ஆட்டமிழந்தாயிற்று, மூன்றாமவரும் இழந்தால் ஆட்டம் முடிந்தது, ஆனால் இருவர் தளங்களில் நின்று ஓடிவரக் காத்திருக்கிறார்கள். மட்டையோடு வருகிறார் கிளீட் ரூலண்ட். அவர் ஒழுங்காக ஒன்று அடித்தால் ஆட்டம் போயிற்று, ஞாயிறு போயிற்று, எங்கள் பெயரும் போயிற்று.

நான் குந்தி அமர்ந்து, எந்தப் பந்தை எறிவது என்று கையுறைக்குக் கீழே விரலால் குறிப்புக் காட்டினேன். இருப்பதே ஒரு பந்து, அதற்கு ஒரு விரல். ஆர்டித் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்!

எதை வேண்டாம் என்கிறாள்? வேறு என்ன இருக்கிறது வேண்டும் என்பதற்கு? மறுபடியும் ஒரு விரல். மறுபடியும் இடமும் வலமுமாகத் தலை. நடுவரிடம் கைகாட்டிவிட்டு, அவள் நின்ற எறிமேட்டுக்கு ஓடினேன்.

"ஏண்டி, வலி தலைக்கு ஏறிருச்சா? உங்கிட்ட இருக்கறதே ஒண்ணுதானே?"

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமா?" கையுறையால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னாள். "உன் விரல் அவனுக்குத் தெரியாது, என் தலை தெரியும். நான் எதையோ பிடிச்சு வச்சுக்கிட்டு, இன்னும் நேரம் வரலன்னு காத்திருக்கேன்னு நெனைப்பான். நீ போயி ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு காட்டு. பொழுது போகட்டும்."

திரும்பி வந்து காட்டினேன். ஒரு விரல், மறுப்பு. இரண்டு விரல், மறுப்பு. மூன்று விரல், மறுப்பு. கிளீட்டின் கழுத்து நரம்பு புடைப்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன். வாரமெல்லாம் பழகிய அந்த மின்னல் எப்போது வரும், எப்போது வரும் என்று அவர் கைகள் மட்டையைப் பிசைந்தன.

வந்தது மெதுவான பந்து. முன்கூட்டியே சுழற்றினார். பந்து மட்டையின் நுனியில் பட்டு, கோட்டுக்கு வெளியே பறந்து ஆற்றிலேயே விழுந்தது. ஊரே எழுந்து நின்றது. ஆனால் கோட்டுக்கு வெளியே விழுந்தால் கணக்கு என்ன? முதல் ஸ்ட்ரைக்!

மீண்டும் தலையாட்டல். மீண்டும் அதே பந்து, இம்முறை மூன்று விரலளவு வெளியே. கிளீட் விட்டுவிட்டார். "ஸ்ட்ரைக்!" என்றார் ஓட்டோ.

"யோவ் ஓட்டோ! அது பக்கத்து ஊருல போச்சுய்யா!"

"நாளைக்கு முடி வெட்டிக்க வருவல்ல? கத்தரி எங்கிட்டதான் இருக்கும். அங்க பேசிக்கலாம்."

ஊரே சிரித்தது. கிளீட் சிரிக்கவில்லை. யோசித்தார். அவையோரே, யோசித்தார்! எங்களுக்கு ஆபத்து அங்கேதான் பிறந்தது. ஆர்டித்தை உற்றுப் பார்த்தார். அந்தப் பக்கவாட்டுக் கையைப் பார்த்தார். பிறகு தம் ஆட்களை நோக்கிக் கூவினார்:

"டேய்! இவகிட்ட வேகமே இல்லடா! ஆரம்பத்துலேருந்து ஒரே பந்தைத்தான் போட்டுக்கிட்டு இருக்கா!"

முடிந்தது என்று எண்ணினேன். ரகசியம் வெயிலில் விழுந்துவிட்டது. இனி அவர் காத்திருந்தால் போதும், அந்தப் பந்து பொறுமையாக வந்து மட்டையில் உட்கார்ந்துகொள்ளும். மறுபடியும் ஒரு விரலைக் காட்டினேன்.

ஆர்டித் தலையை ஆட்டவில்லை. என் விரலைக் கண்டதும், காத்திருந்தது கைக்கு வந்துவிட்டதுபோல், முகமெல்லாம் மலர, சரி என்று மேலும் கீழுமாகத் தலையசைத்தாள்!

ஓர் அசைவு. ஒரே ஓர் அசைவு! கிளீட் சற்றுமுன் கண்டுபிடித்த உண்மை அவர் கையிலிருந்தே நழுவியது. இத்தனை நேரம் மறுத்தவள் இப்போது எதற்குச் சம்மதித்தாள்? பிடித்துவைத்திருந்த அந்த மின்னலுக்குத்தானே? அவர் கால் விரைந்தது, இடுப்பு விரைந்தது, மட்டை விரைந்தது. பந்து மட்டும் விரையவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்து வீடு திரும்பும் கிழவர்போல் ஆடி அசைந்து, மட்டை சுற்றி முடிந்தபின், என் கையுறைக்குள் வந்து அமர்ந்தது.

ஞாயிறு எங்களுடையதாயிற்று!

(கைதட்டல். "அன்னிக்கு வெயிலு கண்ணுல அடிச்சுதும்மா!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.)

கிளீட், வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருந்தது. உங்களுக்குப் பின்னால் அமர்ந்திருந்த என் கழுத்துக்கு அது நன்றாகத் தெரியும்.

அடுத்த ஞாயிறு நாங்கள் இந்தப் புல்லில் கால் வைத்ததை எப்படிச் சொல்வேன்? ஆட வந்தோம், ஆடவில்லை. நெடுநேரம் பந்தை எவரும் எடுக்கவில்லை. காலணிகளைக் கழற்றினோம். ஒருத்தி மண்டியிட்டாள், அவளைப் பார்த்து எல்லோரும் மண்டியிட்டோம், பிறகு அப்படியே மல்லாந்து படுத்துவிட்டோம். முதுகில் எதுவும் குத்தவில்லை. அந்த மென்மைக்குப் பழக்கமில்லாத பெர்னீஸ் அழுதாள். ஆற்றின் ஒளி இலைகளில் அலைந்தது. இன்றும் கண்ணை மூடினால் என் முதுகு அந்தப் புல்லை அறிகிறது.

ஆனால் அந்தப் புல்லை வென்று தந்தவள் அந்தக் கோடையில் ஒரு பந்தும் எறியவில்லை. எறிய முடியவில்லை. கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, அதோ அந்த மரத்தடியில் அமர்ந்து, ஞாயிறுதோறும் எங்கள் ஆட்டத்தைப் பார்த்தாள். நாங்கள் போய், "உனக்கு வருத்தமாக இருக்கிறதா?" என்று கேட்டபோதெல்லாம், இல்லை என்று தலையை ஆட்டினாள். அவளுடைய தலையாட்டலை நன்கு அறிந்த நான் மட்டும் இரண்டாம் முறை கேட்டதில்லை. பக்கத்தில் போய் அமர்ந்துகொள்வேன்.

அன்பு நெஞ்சங்களே, அந்த மரம் இருக்கிறது. அந்த ஆறு இருக்கிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை, இந்த மைதானம் முழுக்க நம் பேத்திகள் சீருடையோடு காத்திருக்கிறார்கள், எவரிடமும் அனுமதி கேட்காமல். ஆட்டத்தைத் தொடங்கிவைக்க ஒரு பந்து வேண்டும். ஆர்டித், அந்தப் பந்தை நீ எறிவாயா?

பாருங்கள், தலையை ஆட்டுகிறாள். இடமும் வலமுமாக ஆட்டுகிறாள். விழாக் குழுவினர் முகம் வாடுகிறார்கள். வாட வேண்டாம் ஐயா! அவளுக்குப் பந்து பிடித்தவள் நான். அந்தத் தலையாட்டல் மறுப்பே அல்ல. இதோ, என் பழைய கையுறை. பைக்குள் வைத்துத்தான் கொண்டுவந்தேன். கிளீட், கைத்தடியைக் கீழே வைத்துவிட்டு மட்டையை எடுத்துக்கொண்டு வாருங்கள். யாராவது என்னைக் குந்தவைக்கக் கைகொடுங்கள், எழுப்பிவிடவும் கூடவே நில்லுங்கள்.

அதோ! தொப்பியைக் கழற்றிவிட்டாள். எழுந்துவிட்டாள். என்னைப் பார்த்து, சரி என்று மேலும் கீழுமாகத் தலையசைத்துவிட்டாள்!

பொறுமையோடு செவிசாய்த்த பெரியோர்க்கும், உணவோடு அன்பும் படைத்த தாய்மார்க்கும், வாய்ப்பளித்த தலைவர் அவர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வெர்டன் வாழ்க! அதன் ஞாயிறுகள் வாழ்க! வருகிறேன், வணக்கம்.

கிளீட், வருவது மெதுவான பந்துதான். இந்த முறையாவது காத்திருங்கள்.