பிரேக் சரியான பிறகு

தருமபுரியிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டி போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். பெரியவர் தன் மனைவியின் தம்பியிடம் சொன்ன ஒரு வாக்கியத்தைக் கேட்டதும், நான் ஜன்னலை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“காருக்கு பிரேக் சரியானதுல இருந்து உங்கக்கா அதுல ஏற மாட்டேங்குது மாப்ள.”

“சரியானா ஏறணுமில்லீங்களா மாமா?”

“அதான் எனக்கும் புரியல. எங்கப்பா காலத்து வண்டியாச்சேன்னு, முன்சக்கரம் ரெண்டுலயும் பழைய டிரம் பிரேக்கக் கழட்டிட்டு டிஸ்க் பிரேக் போட்டேன். வத்தல்மலை எறக்கத்துலகூட கால வெச்சா நிக்குது.”

“முன்ன எப்படிங்க?”

“ரெண்டு மூணு தடவ மிதிக்கணும். உங்கக்கா பக்கத்துல உக்காந்து ‘மிதிங்க, மிதிங்க’ன்னு சொல்லிக்கிட்டே வரும். இப்ப அது வாயத் தெறக்கறதுக்குள்ள நின்னுடுது.”

“அதுக்குக் கோவமா?”

“கோவமில்லயாம். பயமா இருக்குதாம்.”

“நிக்கற வண்டியில என்னங்க பயம்?”

“கேட்டா சொல்லத் தெரியல. பழைய டிரம்மயே மாட்டுங்கன்னுது. மெக்கானிக்குகிட்ட போயி என்னான்னு சொல்றது?”

“அதான் மூணு பேரும் பஸ்சுல போறமா?”

“பின்ன?”

இருவரும் முன்னால் பார்த்தார்கள். டிரைவருக்குப் பின்சீட்டில் அந்த அம்மா மடியில் பழப்பையோடு, கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சாலையின் குறுக்கே ஆடு ஒன்று வந்தது.

“மிதிங்க, மிதிங்க” என்றார் அந்த அம்மா, டிரைவரின் முதுகைப் பார்த்து.

பஸ் முக்கி முனகி, ஆட்டுக்குச் சற்று முன்னால் நின்றது. அவர் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.