சங்கிலியை நான்தான் சொன்னேன்

வேலாயியின் தேநீர்க் கடையில் அன்று காலை யார் யார் இருந்தோம் என்று கேட்டீர்கள். கடைக்காரி வேலாயி, காய்கறி லோரி ஓட்டும் காளிமுத்து, மோட்டார் பட்டறை சுகுமாரன், அவன் சிநேகிதன் குணாளன், நான். என் மகள் உஷா வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நின்றாள், அவளையும் எழுதிக்கொள்ளுங்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. வேலாயி வழக்கம்போலத் தேநீரில் சீனியை அள்ளிப் போட்டிருந்தாள்.

பேச்சு மோட்டார் சைக்கிளைப் பற்றியது. கல்யாணம் முடிந்ததும் உஷாவோடு தாய்லாந்து வரை போய் வரக் குணாளன் ஒரு பெரிய மோட்டார் வாங்கப் போகிறான். ஈப்போவில் இரண்டு பார்த்து வைத்திருந்தான். இரண்டும் தூரப் பயணத்துக்கென்றே உயரமாகச் செய்தவை. ஜெர்மனியில் செய்தது ஷாஃப்ட்டில் ஓடும். ஜப்பானில் செய்தது சங்கிலியில் ஓடும்.

"ஷாஃப்ட்டுதான்லா நல்லது" என்றான் சுகுமாரன். "எல்லாம் குழாய்க்குள்ள மூடிக் கெடக்கு. சேறு, மழை எதுவும் அண்டாது. செயினுன்னா இந்த மலையில தெனம் தொடச்சு எண்ண போடணும்."

காளிமுத்து சிரித்தான். "ஷாஃப்ட்டு தாய்லாந்துல, ஹட்யாய்ல ஒடஞ்சா என்ன பண்ணுவ? ஜெர்மன்காரனுக்குக் கடுதாசி போட்டுட்டு உக்காந்திருக்கணும். சாமான் வந்து சேர்றதுக்குள்ள புள்ளக்கி அங்கயே பேரு வச்சிரலாம். செயினு அப்படியா? கிளிப்பக் கழட்டு, புதுக் கண்ணியப் போடு, கிளம்பு."

"ரெண்டும் வேணாம், பஸ்ல போங்கலா" என்றாள் வேலாயி. "ஒரசிக்கிட்டு உக்காரலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். குணாளன் என் பக்கம் திரும்பினான். "நீங்க சொல்லுங்க மாமா."

உஷாவும் உள்ளே வந்தாள். "ஆமாம்பா. ஒங்களுக்கு எது சரின்னு படுது?"

நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். தேயிலைத் தொழிற்சாலையில் நெடுங்காலம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் நான். இலை உருட்டும் எந்திரத்தின் ஷாஃப்ட் முறிந்தால் புதியது வரும்வரை பறித்த கொழுந்தெல்லாம் புளித்துக் குப்பைக்குப் போகும். பெல்ட் அறுந்தால் அங்கேயே தைத்து மாட்டி ஓட்டிவிடுவோம். கண்ணுக்குத் தெரிகிற பழுதைக் கையால் சரி செய்யலாம், மூடிக் கிடப்பதை நம்பித் தூரம் போகக் கூடாது என்றேன். சங்கிலியை வாங்கு என்றேன்.

அன்று நான் பொய் எதுவும் பேசவில்லை. சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஷாஃப்ட் இரும்புக் குழாய்க்குள் இருக்கிறது. அதற்குள் யார் கையும் நுழையாது. சங்கிலி வெளியே கிடக்கிறது.

காரணத்தையும் கேட்பீர்கள். என் தந்தை இந்தத் தோட்டத்தின் கங்காணி. குணாளனின் தகப்பன் சிங்காரம், என் தந்தை எதிரே வந்தால் பாதையை விட்டு இறங்கி நின்ற ஆள். நான் கோயில் தலைவர். என் மகளை ஈப்போவில் இருக்கும் என் தங்கை செல்லத்தின் மகனுக்குப் பேசி, பரிசம் போட்டு, தட்டும் மாற்றியாயிற்று. அதன் பிறகு உஷா தானே பஸ் ஏறிப் போய், அத்தையிடம் குணாளனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். என்னிடம் முதலில் சொல்லவில்லை.

மறுநாள் செல்லம் வந்தாள். கொழுந்து நிறுக்கும் நேரம். லயத்து வீடுகளின் சனமெல்லாம் வெளியே நின்றது. தட்டுகளை என் வாசற்படியில் வைத்தாள். தேங்காய் ஒன்று உருண்டு வடிகாலில் விழுந்தது. ஒருவரும் அதை எடுத்துத் தரவில்லை. "மகள அடக்கத் தெரியாதவன் கோயிலுக்குத் தலைவனா அண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஒரு வாரம் வெளியே வரவில்லை. வந்தபோது, பிள்ளைகள் ஆசைப்படி நடக்கட்டும் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். உஷா அழுதுகொண்டே என் காலைத் தொட்டாள். பெரிய மனசு என்று பாராட்டினார்கள்.

மோட்டார் வந்தது. எங்கள் தோட்டத்தில் புது வண்டி எதுவும் முதலில் முனியாண்டி கோயிலுக்குத்தான் வரும். தலைவர்தான் பூசை போட வேண்டும். அவர் சந்தனம் வைத்துச் சக்கரங்களுக்கு எலுமிச்சை வைக்கும்வரை வண்டிக்காரனும் அவனைச் சேர்ந்தவர்களும் திரும்பிப் பார்க்காமல் கோயிலைச் சுற்றி வர வேண்டும். என் தந்தை காலத்திலிருந்து அப்படித்தான். அவர்கள் சுற்றப் போனதும் நான் பின்சக்கரத்தின் அருகே உட்கார்ந்தேன். சங்கிலியின் இரு முனைகளையும் சேர்த்துப் பூட்டும், காளிமுத்து சொன்ன அந்தக் கிளிப், நகத்தளவுதான். கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். அந்த இடத்தில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தேன். எலுமிச்சையையும் முறையாகத்தான் வைத்தேன்.

முதல் ஓட்டம் தாப்பா வரை போய் வரட்டும் என்றேன். ரிங்லெட் தாண்டிய இறக்கத்தில், ஒரு வளைவில் சங்கிலி கழன்று சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. வண்டி பள்ளத்தில் இறங்கியது. குணாளன் கால் முறிந்து பிழைத்தான். உஷா பிழைக்கவில்லை.

ஏன் இத்தனை நாள் கழித்து நானாக வந்தேன் என்று கேட்டீர்கள். எல்லாரும் அதை விபத்து என்றார்கள். செல்லம் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாவம் பெரியவர் என்று லயத்துப் பெண்கள் சோறு கொண்டுவந்து வைத்தார்கள். யாருடைய இரக்கத்திலும் என் குடும்பம் சாப்பிட்டதில்லை. பட்ட அவமானத்தைத் தோட்டமே பார்த்தது. அதைத் தீர்த்தது யாருக்கும் தெரியாமல் போனால் தீர்த்ததாக ஆகாது. என் மனைவி சாரதா என்னோடு பேசுவதில்லை. மகள் போன துக்கம். கொஞ்ச நாளில் தெளிந்து, குடும்ப மானம் நின்றதை நினைத்து ஆறுதல் கொள்வாள்.

நேற்று நான் இங்கே வந்தது அதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டதாம். காலையில் காப்பி கொண்டுவந்த உங்கள் போலீஸ்காரர் என்மேல் இரக்கப்பட்டார். "வெளியில சொல்றாங்க ஐயா. நீங்க அந்தப் பையன மட்டும்தான் நெனச்சிருக்கீங்க, ஒங்க பாப்பாவும் ஏறுவாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதுன்னு."

அது தவறு. குணாளன் தனியாகத்தான் கிளம்பினான். முதல் ஓட்டத்தில் பின்னால் ஆள் இல்லாமல் போகக் கூடாது, நீ உட்காரம்மா என்று சொன்னது நான். வண்டி உயரம், அவள் கால் எட்டவில்லை. தோளைக் கொடுத்து ஏற்றிவிட்டதும் நான்தான்.