டானியின் புட்டி

சிட்ரிக் அமிலத்தைக் கடையில் கேக் மாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள், சார்ஜென்ட். அதோடு சமையல் சோடாவும் ஐசிங் சர்க்கரையும் கலந்தால் ஷெர்பெட் பொடி. நாக்கின் ஈரம் பட்டதும் சுறுசுறுவென்று நுரைக்கும். வேதிவினை என்றால் என்னவென்று பிள்ளைகளுக்கு இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. எங்கள் ஊர் ஹாலில் சனிக்கிழமைகளில் நான் சும்மா நடத்திக் கொடுத்த வகுப்பு அது.

பிள்ளைகளை எனக்குப் பிடிக்கும். அவர்களிடமிருந்து வடிவதுதான் பிடிக்காது.

ஏழு வயது டானிக்கு டிசம்பர் மாதக் கோடை வெயிலிலும் மூக்கு ஒழுகும். ஷெர்பெட்டை விரலால் தொட்டு நக்குவதுதான் இங்கே வழக்கம் என்பதால் எல்லாருக்கும் பொதுவாக ஒரே கிண்ணம் வைத்திருந்தேன். அவள் மூக்கைத் துடைத்த விரலையே அதில் விட்டாள், நக்கினாள், மறுபடி விட்டாள். பொடி ஓரத்தில் பச்சையாகக் கட்டி தட்டியது. மற்றவர்கள் அதையும் தொட்டு நக்கினார்கள். வீட்டுக்குப் போய்க் குளித்தும் அந்த அருவருப்பு போகவில்லை.

அவள் அம்மா கெர்ரியிடம் பக்குவமாகத்தான் சொன்னேன்.

"அட விடு மார்னி, கொஞ்சம் அழுக்கு உள்ள போனாத்தான் பிள்ளைங்க உடம்பு தேறும்," என்று சிரித்தாள். "நீ என்ன ஆஸ்பத்திரியா நடத்துற?"

சிலருக்குச் சொன்னால் தெரியாது, பட்டால்தான் தெரியும். அடுத்த வாரம் ஆளுக்கொரு புட்டி கொடுத்தேன், பெயர் ஒட்டி. இங்கே தொப்பியிலிருந்து சாப்பாட்டு டப்பா வரை எல்லாவற்றிலும் பெயர் இருக்கும். ஒவ்வாமைக்குப் பயந்து, ஒருவர் தீனியை இன்னொருவர் தொடக்கூடாது என்று பள்ளியில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அந்த விதியை நம்பித்தான் டானியின் புட்டியில் மட்டும் சாக்கடை அடைப்பை எடுக்கும் பொடியைக் கலந்தேன். நாக்கு கொஞ்சம் வெந்தால் விரல் தானாக அடங்கும் என்று நினைத்தேன்.

எல்ஸ்பெத் சுத்தமான பிள்ளை. நகம் வெட்டி, சடை பின்னி வருவாள். அன்று அவள் புட்டி கைதவறி விழுந்து கொட்டிவிட்டது. துடைக்கத் துணி எடுக்கப் போனேன்.

"அழாத எல்ஸி, இந்தா, என்னோடத எடுத்துக்க," என்று டானி சொல்வது பின்னால் கேட்டது. "நான் இன்னும் விரலே வைக்கல. மிஸ்கிட்ட மட்டும் சொல்லிடாத."

ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாமே என்கிறீர்கள். தடுத்திருந்தால், ஏன் என்று எல்லாரும் கேட்டிருப்பார்கள். நான் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தேன்.

எல்ஸ்பெத்துக்கு இன்னும் குழாய் வழியாகத்தான் பால் போகிறதாம். வருத்தம்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் விதியை மீறியது நானல்ல.

டானி இப்போது எதையும் வாயில் வைப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். தோல் உரிய உரியக் கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறாளாம். கெர்ரி அதைச் சொல்லி அழுதாளாம். கேட்டதும் எனக்கு மனசு லேசாகிவிட்டது. பக்குவமாகச் சொல்லிக்கொடுத்தால் எந்தப் பிள்ளைக்கும் பாடம் ஏறும், சார்ஜென்ட்.