பேராசிரியர் அரிகிருஷ்ணன் விட்டுப்போன காலிக் கட்டம்

மேடையில் அமர்ந்திருக்கும் முதல்வர் அவர்களே, தாம்பரத்து வெயிலில் மின்விசிறி போதாமல் நெளியும் மாணவச் செல்வங்களே, கோவளத்தில் மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் முத்தாலம்மாள் அவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

பேராசிரியர் அரிகிருஷ்ணன் மறைந்து பதினாறு நாளாகிறது. நான் சூர்யநாராயணன். இதழியல் துறையில் இருபது ஆண்டுகள் அவருக்குப் பக்கத்து மேசை. உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு அவர் மேல் பொறாமை. பொறாமை என்றால், வயிற்றெரிச்சல்! முனைவர் பட்டம் என்னிடம், மாணவர் கூட்டம் அவரிடம். செம்பாக்கத்தில் நான் வீடு கட்டினேன். கிரகப்பிரவேசத்துக்கு வந்த பிள்ளைகள் வாசலிலேயே, "அரி சார் வரலையா?" என்று கேட்டார்கள். எரியாதா ஐயா?

அவர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மாணவர் எழுதும் செய்திக்கு அவர் மார்க் போட மாட்டார். யாரைப் பற்றி எழுதினார்களோ, அவரிடமே போய்ப் படித்துக்காட்டி, நோட்டில் மார்க் வாங்கிவர வேண்டும். மாணவி தமிழினிக்கு இந்த முத்தாலம்மாள் பத்துக்கு இரண்டு போட்டார். "இன்னாம்மா இது? வஞ்சரம்னு எழுதிக்கினு வந்துகீற. அன்னிக்கு நான் வித்தது நெத்திலி தானே?" என்றார். தமிழினி திரும்பவும் போனாள், திரும்பவும் எழுதினாள். இன்று அவள் செய்தியாளர்!

மூன்றாண்டுக்கு முன் மதிப்பீட்டுக் குழு வந்ததே, நினைவிருக்கிறதா? தேறாவிட்டால் இதழியல் பட்டப்படிப்பையே மூடிவிடுவார்கள். கோப்புகள் என் பொறுப்பு. முந்தைய நாள் அந்த நோட்டுகளை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். மீன்காரம்மா போட்ட மார்க்கைப் பார்த்தால் சிரிப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்! அவருக்குப் பெயர் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

குழுத் தலைவர் விஷ்ணுப்ரியா அம்மையார் என் அட்டவணைகளைப் புரட்டினார். "எல்லாம் நீட்டா இருக்கு சார். பசங்க எழுதறது உண்மையான்னு யார் செக் பண்றாங்க?" அரிகிருஷ்ணன் என்னைப் பார்த்தார். என் பீரோவைப் பார்த்தார். "சூர்யா சார் பத்திரமா எடுத்து வச்சிருக்கார் மேடம்" என்றார். பீரோவைத் திறந்து நோட்டுகளை எடுத்து நீட்டினேன். நோட்டுகளைக் குழு படித்தது. படிப்பு பிழைத்தது. அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவே இல்லை!

சென்ற வாரம் அவர் மகள் மஹாலட்சுமி ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் குழு வந்த நாளின் செய்தி, அரி சார் கையெழுத்தில்: "நோட்டுகளைக் காத்துப் படிப்பைக் காப்பாற்றியவர் சூர்யநாராயணன்." பக்கத்தில் மார்க் போடும் கட்டம் காலியாக இருந்தது.

அரி சார்! வாழ்நாளில் ஒரு தப்புச் செய்தி எழுதாத மனிதர் நீங்கள். எனக்காக ஒன்று எழுதினீர்களே! அந்த மனசு மேலும் எனக்குப் பொறாமைதான், போங்கள். நாளையிலிருந்து உங்கள் நோட்டு என் வகுப்பிலும் நடக்கும். பிள்ளைகளோடு கோவளத்துக்கு நானும் போவேன். இது உறுதி.

செய்தி என்னைப் பற்றியது. உங்கள் வழக்கப்படி மார்க் போட வேண்டியவன் நான். இந்தச் சபையறியப் போடுகிறேன், சார்.

பத்துக்குப் பூஜ்யம்.